வீட்டுத் தரையில் தமிழ் எழுத்து விரிப்பு: வாங்குவது, தைப்பது, பழக்குவது

எழுத்து அச்சடித்த விரிப்பை வாங்கிக் கூடத்தில் போட்டால், விளையாடுகிற போக்கில் பிள்ளை எழுத்துக் கற்றுக்கொண்டுவிடும் என்று நம்பித்தான் பலரும் பணம் போடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து அந்த விரிப்பின் மேல் பொம்மைக் கார் ஓடிக்கொண்டிருக்கும், எழுத்து வந்திருக்காது. குறை பிள்ளையிடம் இல்லை, விரிப்பின் அமைப்பில் இருக்கிறது. இரண்டரை முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு எந்த விரிப்பை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம், வீட்டிலேயே எப்படித் தைத்துக்கொள்ளலாம், அதில் எப்படிப் பழக்கலாம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

அச்சடித்த விரிப்பில் எழுத்துகளின் இடம் மாறாது. "ஆ எங்கே?" என்று கேட்டால் பிள்ளை சன்னல் பக்கத்து மூலைக்கு ஓடும். அது கண்டுகொண்டது மூலையைத்தான், ஆவை அல்ல. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிறம் கொடுத்திருந்தால் நிறத்தை நினைவில் வைக்கும். பக்கத்தில் அணில் படம் இருந்தால் படத்தைப் பார்த்து "அ" என்று சொல்லும். மூன்றுமே நமக்குப் படிப்பது போலத் தெரியும், ஆனால் படிப்பு நடக்காது.

சோதித்துப் பார்ப்பது எளிது. விரிப்பை அரைவட்டம் திருப்பிப் போட்டு, பிள்ளையை எதிர்ப்பக்கம் நிற்கவைத்து அதே எழுத்தைக் கேளுங்கள். பிறகு செய்தித்தாள் தலைப்பில் அந்த எழுத்தைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் தடுமாறினால் பிள்ளை இடத்தைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறது என்று பொருள்.

அதனால் நான் பரிந்துரைப்பது கட்டங்கள் மட்டும் போட்ட வெற்று விரிப்பு. எழுத்துகள் தனித் துணி அட்டைகளில் இருக்க வேண்டும். தினமும் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். கடையில் இது அரிதாகத்தான் கிடைக்கும். தைத்துக்கொள்வது கடினமில்லை, ஏறக்குறைய பத்து நாள் ஆகும்.

2. கடையில் வாங்குவதென்றால்

மூன்று வகை கிடைக்கிறது.

முதலாவது, துண்டு துண்டாகக் கோத்துப் போடும் ஃபோம் பாய். விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டால் அதில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். 14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் இது கட்டாயம். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, அந்த முத்திரையை வழங்கும் அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் அது உண்மையானதா என்று தெரிந்துவிடும். ஃபோமிலிருந்து எழுத்து தனியாகக் கழன்று வருகிற வகையை மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். கடித்துப் பிய்த்த துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். புதுப் பாயில் நெடி அடித்தால் பிரித்துப் பல நாள் காற்றாட விடுங்கள். அதன் பிறகும் நெடி போகவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்த ஃபோமில் தங்கிவிடும் ஃபார்மமைடு என்ற வேதிப்பொருளுக்காக 2010இல் பெல்ஜியம் இவ்வகைப் பாய்களின் விற்பனையையே நிறுத்தியது.

இரண்டாவது, ஃபிளெக்ஸ் அச்சு. மலிவுதான். ஆனால் டைல்ஸ் தரையில் வழுக்கும், ஓரம் சுருண்டு கால் தடுக்கும். தவழுகிற குழந்தை ஓரத்தை வாயில் வைக்கும். ஃபிளெக்ஸைச் சுவரில் மாட்டலாம், தரையில் போட வேண்டாம்.

மூன்றாவது, பாலியெஸ்டர் கம்பளத்தில் அச்சடித்தது. மூன்றில் இதுதான் தேவலை. ஆனாலும் 247 எழுத்தையும் ஒரே விரிப்பில் நெருக்கி அடித்தவற்றை எடுக்காதீர்கள். எழுத்து விரலளவு ஆகிவிட்டால் பிள்ளையால் அதன் மேல் நிற்க முடியாது. நிற்க முடியாதென்றால் விரிப்பு எதற்கு? 6 அடிக்கு 5 அடி விரிப்பில் ஓர் அடிக் கட்டங்கள் முப்பது வரும். உயிர் 12, மெய் 18 அதில் சரியாக அடங்கும். அதற்கு மேல் அடைக்கக் கூடாது.

வந்த அன்றே பிரித்து எழுத்துகளைச் சரிபாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்தபின் கண்டுபிடித்துப் பயனில்லை. பார்க்க வேண்டிய இடங்கள்: மெய்யெழுத்துகளின் மேல் புள்ளி இருக்கிறதா, ண ன இடம் மாறியிருக்கிறதா, ஞ இருக்க வேண்டிய இடத்தில் ஜ வந்திருக்கிறதா, எ ஏ இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றனவா, ஔ இருக்கும் இடத்தில் ஒ, ள என்று இரண்டு எழுத்தாகப் பிரிந்து கிடக்கிறதா. பில்லையும் உறையையும் பத்திரமாக வையுங்கள்.

நீங்களே வடிவமைத்து அச்சுக்குக் கொடுப்பதென்றால், கோப்பை அப்படியே கொடுக்காதீர்கள். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்துகள் கட்டங்களாக மாறும், அல்லது கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரியும். எழுத்துகளை வரைகோடுகளாக (அவுட்லைன்) மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் தெளிவு போய்விடும். அச்சுக்கு முன் மாதிரியைக் கேட்டு வாங்கி, வீட்டில் இன்னொருவரிடமும் காட்டுங்கள். வடிவமைத்தவர் கண்ணுக்குப் பிழை தெரியாது.

3. தைப்பதற்குத் தேவையானவை

விரிப்பு: 4 அடிக்கு 6 அடி பருத்தி ஜமக்காளம். பவானி ஜமக்காளத்தின் கனம் இதற்கு நன்றாக ஒத்துவரும். ஆனால் பளிச்சென்ற பட்டைக் கோடுகள் கட்டத்தோடு குழம்பும் என்பதால் ஒரே நிறத்தில் அல்லது மெல்லிய கோட்டில் எடுங்கள். பிள்ளைக்கு வீசிங் இருந்தால் ஜமக்காளத்தைவிட மெல்லிய கேன்வாஸ் துணி நல்லது. தூசு குறைவாகத் தங்கும், அடிக்கடி துவைக்கவும் முடியும்.

நாடா: ஓர் அங்குல வெள்ளைப் பருத்தி நாடா 10 மீட்டர். நீளத்துக்கு நான்கு கட்டம், அகலத்துக்கு மூன்று கட்டம் என்று 12 கட்டம் போட 31 அடி செலவாகும், மீதி மடிப்புக்கு.

அட்டைக்கான துணி: 44 அங்குல அகலமுள்ள, வெளுக்காத காடாத் துணி ஒன்றேகால் மீட்டர். 22 செ.மீ. சதுரமாக வெட்டினால் 25 துண்டு கிடைக்கும். ஓரம் மடித்துத் தைத்தபின் அட்டை 20 செ.மீ. இருக்கும். தேவை 24, ஒன்று கைவசம்.

வெல்க்ரோ: ஓர் அங்குல அகலத்தில் இரண்டரை மீட்டர் ஜோடி. தைக்கிற வகையாகவே கேளுங்கள். பசை ஒட்டிய வகை பருத்தித் துணியில் சில வாரத்தில் பெயர்ந்துவிடும்.

மற்றவை: கறுப்புத் துணிப் பெயின்ட், ஆறாம் எண் தூரிகை, தையல்காரர் பயன்படுத்தும் கார்பன் தாள், அடியில் போட வழுக்காத ரப்பர் வலை விரிப்பு.

செலவில் பெரிய பங்கு ஜமக்காளத்துக்கும் ரப்பர் வலைக்கும் போகும். அடுத்தது தையல் கூலி. விலை ஊருக்கு ஊர் மாறும், ஆனாலும் வீட்டில் பழைய ஜமக்காளம் இருந்தால் செலவு பாதியாகக் குறையும். பழையது பல தடவை துவைத்துச் சுருங்கி முடித்தது என்பதால் அதுவே மேலும்கூட.

4. முதலில் நனையுங்கள்

இந்த ஒரு படியைத் தவிர்த்தால் மொத்த வேலையும் கெடும். ஜமக்காளமும் நாடாவும் காடாத் துணியும் வெவ்வேறு அளவில் சுருங்கும். நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே நாடா இழுத்து விரிப்பு அப்பளம் போல நெளியும். பிறகு அது தரையில் படியவே படியாது. மூன்றையும் தனித்தனியாக ஓர் இரவு ஊறவைத்து, அலசி, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் ஜமக்காளத்தைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் இன்னும் இரண்டு தடவை அலசாமல் வெள்ளை நாடாவை அதன் அருகில் கொண்டுபோகாதீர்கள்.

5. தையல்காரரிடம் கொடுக்கும் தாள்

வாய்வார்த்தையாகச் சொன்னால் கட்டம் கோணலாகத்தான் வரும். ஒரு தாளில் செவ்வகம் வரைந்து அளவை அங்குலத்தில் எழுதிக் கொடுங்கள். 48 அங்குல அகலத்தில் கோடுகள் 6, 18, 30, 42இல். 72 அங்குல நீளத்தில் 12, 24, 36, 48, 60இல். நீளவாக்கில் இரு முனையிலும் ஓர் அடி வெற்றிடம் மிஞ்சும். ஒன்று பிள்ளை நின்று தொடங்கும் இடம், மற்றது முடிக்கும் இடம். நனைத்தபின் விரிப்பு ஒன்றிரண்டு அங்குலம் குறைந்திருந்தால் கட்டத்தைச் சுருக்க வேண்டாம், ஓர வெற்றிடத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நாடாவின் நுனியை ஒரு செ.மீ. உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். மடிக்காத நுனி நூல் பிரிந்து, பிள்ளையின் கால்விரலில் மாட்டும். நாடாவின் இரண்டு ஓரத்திலும் தையல் ஓட வேண்டும். நடுவில் ஒரே தையல் போட்டால் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

சாதாரண ரவிக்கை, சட்டை தைப்பவர்கள் ஜமக்காளத்தின் கனத்துக்கு ஊசி உடையும் என்று மறுப்பது இயல்பு. பை தைப்பவர், மெத்தை உறை தைப்பவர் யாரையாவது தேடுங்கள். தீபாவளிக்கு முந்திய மாதமும், பள்ளிச் சீருடை நெருக்கடியான மே, ஜூனும் வேண்டாம்; மற்ற நாளில் மூன்று நான்கு நாளில் முடித்துத் தந்துவிடுவார்கள்.

வெல்க்ரோவில் சொரசொரப்பான பக்கம், மென்மையான பக்கம் என்று இரண்டு உண்டு. விரிப்பில் மென்மையானதுதான் வர வேண்டும், சொரசொரப்பு அட்டையின் அடியில். மாற்றித் தைத்தால் வெற்றுக் கட்டத்தில் மிதிக்கும் பாதத்தை அது கீறும். விரிப்பைச் சுருட்டும்போது ஜமக்காள நூலையும் பிடித்து இழுக்கும். கட்டத்துக்கு நான்கு துண்டு, ஒவ்வொன்றும் ஓர் அங்குலம். எல்லாக் கட்டத்திலும் ஒரே இடத்தில் வந்தால்தான் எந்த அட்டையும் எங்கும் பொருந்தும். அதற்கு 20 செ.மீ. சதுரத்தில் ஒரு கெட்டி அட்டை வெட்டி, நான்கு மூலையிலும் ஓட்டையிட்டு, அதைக் கட்டத்தின் நடுவில் வைத்துக் குறியிட்டுக் கொடுங்கள்.

6. எழுத்து வரைதல்

எழுத்தின் உயரம் ஏறத்தாழ 12 செ.மீ. பாடநூலில் வருவது போன்ற எளிய வடிவத்தை அச்செடுத்து, கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுத்து, தூரிகையால் நிரப்புங்கள். அலங்கார எழுத்துரு வேண்டாம். ஸ்டென்சில் வெட்டலாம் என்று தோன்றும். ஆனால் க, வ, ல போன்ற எழுத்துகளில் உள்ளே மூடிய சுழி இருப்பதால் வெட்டியவுடன் நடுத்துண்டு விழுந்துவிடும்.

எல்லா எழுத்தும் கறுப்பிலேயே இருக்கட்டும். படம் போடாதீர்கள். எழுதத் தொடங்கும் புள்ளியில் மட்டும் ஒரு சிறு சிவப்புப் பொட்டு வைத்தால், பின்னாளில் விரலால் தடவும்போது உதவும். மெய்யின் புள்ளி ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. அட்டையின் கீழ் ஓரம் முழுவதும் ஒரு கறுப்புக் கோடு இழுங்கள். எது தலை, எது கால் என்று பிள்ளைக்கு அதுதான் அடையாளம்.

பெயின்டில் தண்ணீர் கலக்காதீர்கள், துணியில் ஊறிப் படரும். ஒரு நாள் காயவிட்டு, பின்பக்கம் இஸ்திரி போடுங்கள். மூன்று நாளைக்குத் துவைக்கக் கூடாது.

7. எந்த 24 எழுத்து?

அ, ஆ என்று நெடுங்கணக்கு வரிசையில் தொடங்க வேண்டாம். உயிர் பன்னிரண்டையும் ஒரு மாதம் கற்றுக்கொண்டாலும் பிள்ளையால் ஒரு சொல்லைப் படிக்க முடியாது. சொல் படிக்கிற ருசி முதல் வாரங்களிலேயே கிடைக்க வேண்டும்.

முதல் எட்டு: ப, ட, ம, க, ல, ம், ட், ல். இவற்றை வைத்துப் படம், மடம், கடம், பலம், கலம், கல், பல், கடல், மடல், பகல், பட்டம், மட்டம், கட்டம் என்று பதின்மூன்று சொல் மிதிக்கலாம்.

அடுத்த எட்டு: ர, வ, ய, த, ந, அ, ன், ள். மரம், வயல், நகம், நகரம், தகரம், மகன், மகள், அவன், அவள் வந்துவிடும்.

கடைசி எட்டு: கால் இரண்டு (ா), ஒற்றைக் கொம்பு (ெ), இரட்டைக் கொம்பு (ே), ஐகாரக் கொம்பு (ை), இவற்றோடு முழு எழுத்தாக டி, கு, பு. கு, பு, மு, து, ரு என்று உகரம் எல்லா எழுத்திலும் ஒரே வடிவம் எடுக்காததால் அதைத் தனிக் குறியாக வெட்டி ஒட்ட முடியாது, முழு எழுத்தாகத்தான் போட வேண்டும்.

8. விரிப்பின் மேல் பழக்குவது

ஒரு நாளைக்கு பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. மாலையில், சாப்பாட்டுக்கு முன். சாப்பிட்ட வயிற்றோடு குதிக்கவைக்க வேண்டாம். தொடங்கும் முன் விரிப்பைச் சுற்றி இரண்டடி தூரத்தில் கட்டில் முனை, டிவி ஸ்டாண்டு எதுவும் இல்லாமல் பாருங்கள். காலுறை இல்லாமல் வெறுங்காலோடு நிற்கட்டும்.

முதல் வாரம் மூன்றே எழுத்து: ப, ட, ம். மற்றக் கட்டங்கள் காலியாக இருக்கட்டும். "ட மேல நில்லு" என்று ஒலியை மட்டும் சொல்லுங்கள். பிள்ளை தயங்கினால் நம் கண் தன்னையறியாமல் சரியான கட்டத்துக்குப் போகும். பிள்ளை அதைப் பார்த்துத்தான் குதிக்கும். அதனால் கேட்டுவிட்டு அதன் முகத்தையே பாருங்கள். தவறான கட்டத்தில் நின்றால் "இது ம. ட எங்க இருக்கு?" என்று கேட்டால் போதும். ஒவ்வொரு நாளும் அட்டைகளை இடம் மாற்றிய பிறகே தொடங்க வேண்டும்.

ஒலி விஷயத்தில்தான் பெரும்பாலான வீடுகள் சறுக்குகின்றன. பானா, டானா, இம்மன்னா என்று எழுத்தின் பெயரைச் சொல்லிப் பழகிய பிள்ளை, "பானா, டானா, இம்" என்று மிதித்துவிட்டு அதிலிருந்து "படம்" என்ற சொல்லை எப்படிப் பிடிக்கும்? "ப" என்று மட்டும் சொல்லுங்கள். "ம்" என்பதை "இம்" என்று சொல்லாமல் உதட்டை மூடி "ம்ம்" என்று இழுங்கள். "ல்" என்பதும் அப்படியே, நாக்கை மேலே வைத்து இழுப்பது. "ட்" இழுக்க வராது. பட்டம் என்ற சொல்லில் அந்தக் கட்டத்தில் ஒரு கணம் நின்று அடுத்த "ட"வை அழுத்திச் சொல்லவைத்தால் சரியாகிவிடும். படத்துக்கும் பட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காலால் உணர்த்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சொல் மிதிக்கும்போது மூன்று சுற்று. முதலில் மெதுவாக, கட்டத்துக்கு ஓர் ஒலி. பிறகு வேகமாக. மூன்றாவது தடவை முடிவு வெற்றிடத்தில் நின்று முழுச் சொல்லையும் ஒரே மூச்சில். "பகல்" என்பதில் க மென்மையாக ஒலிக்கும் என்பது இந்த மூன்றாவது சுற்றில்தான் பிள்ளைக்குப் பிடிபடும். முதல் சுற்றில் திருத்த வேண்டாம்.

கடைசி எட்டு அட்டைக்கு வரும்போது சொல்லை நீளவாக்கில் நான்கு கட்டத்தில் அடுக்குங்கள். பாட்டி: ப, ா, ட், டி. பெட்டி: ெ, ப, ட், டி. மேகம், மாலை இரண்டும் அப்படியே நான்கு கட்டத்தில் அடங்கும். கொம்புக்குத் தனி ஒலி இல்லை என்பதால், ஒரு கால் கொம்பிலும் ஒரு கால் எழுத்திலும் வைத்து, இரண்டு காலும் ஊன்றிய பிறகே "பெ" என்று சொல்ல வேண்டும். கால் குறிக்கும் (ா) இதே முறை. கொ, போ போன்றவை மூன்று கட்டம் பிடிக்கும். இரண்டு காலால் நிற்க முடியாது. அவற்றைச் சிலேட்டுக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்த எழுத்துக்கு எப்போது போவது? இடம் மாறிய அட்டைகளில் மூன்று நாள் தொடர்ந்து யோசிக்காமல் போய் நின்றால், ஒரு புது எழுத்து. ஒரே நாளில் இரண்டு புது எழுத்து வேண்டாம். தேதியும் எழுத்தும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் எது திரும்பத் திரும்பக் குழம்புகிறது என்று தெரியும். கால் (ா), ர இரண்டையும் ஒரே வாரத்தில் கொண்டுவராதீர்கள். ன, ண பிறகு சேர்த்தால் அவற்றுக்கு இடையிலும் இடைவெளி விடுங்கள்.

9. எண்ணுக்கு இந்த விரிப்பு வேண்டாம்

எண்களை 12 கட்டத்தில் அடுக்கினால் வரிசை முடிந்து திரும்பும் இடத்தில் பிள்ளை குழம்பும். எண்ணுக்கு நேர்கோடுதான் சரி. தரையில் மாஸ்கிங் டேப்பால் 3 மீட்டர் கோடு ஒட்டி, 30 செ.மீ. இடைவெளியில் 0 முதல் 10 வரை பதினொரு குறி போடுங்கள். மூன்றில் நின்று இரண்டு கூட்டச் சொன்னால், நிற்கும் இடத்தையே "ஒன்று" என்று எண்ணி நான்கில் முடிப்பது எல்லாப் பிள்ளைகளும் செய்வது. "கால் தூக்கினால்தான் எண்ணணும்" என்ற ஒரே விதியைப் பழக்குங்கள். டேப்பை வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதற்கு மேல் விட்டால் பசை டைல்ஸில் தங்கும், தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்க வேண்டியிருக்கும்.

10. துவைப்பதும் வைப்பதும்

அட்டைகளைக் கழற்றிவிட்டு, விரிப்பைத் தனியாகக் குளிர்ந்த நீரில் துவையுங்கள். அட்டைகளின் சொரசொரப்புப் பக்கங்களை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து ஒரு பழைய தலையணை உறையில் போட்டுத் துவைத்தால் மற்றத் துணியைப் பிடிக்காது. வெல்க்ரோவில் முடியும் நூலும் சேர்ந்து பிடிப்பு குறைந்தால், பழைய பல் துலக்கியால் உலர்ந்த நிலையில் தேய்த்து எடுங்கள்.

விரிப்பை மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மடிப்புத் தடம் விழுந்த இடத்தில் துணி தூக்கிக்கொண்டு கால் தடுக்கும். மழைக்காலத்தில் இரண்டு பக்கமும் முழுவதும் காயாமல் சுருட்டினால் சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். அடியில் போடும் ரப்பர் வலையை விரிப்பைவிட நாலாபக்கமும் இரண்டு அங்குலம் குறைவாக வெட்டிக்கொள்ளுங்கள், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதில் கால் மாட்டும். மாதத்துக்கு ஒருமுறை அதையும் எடுத்துக் கழுவுங்கள். தூசு படிந்த ரப்பர் டைல்ஸைப் பிடிக்காது, விரிப்பு மறுபடியும் வழுக்கத் தொடங்கும்.